வாக்குப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடும்போது

2013 ஏப்ரல் 17 அன்று அமெரிக்க செனட்டில் நடந்த ஒரு வாக்கெடுப்பின் பட்டியலை நான் பலமுறை திறந்து பார்த்திருக்கிறேன். துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் விதியை இன்னும் விரிவாக்க வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் ஜோ மான்சினும் குடியரசுக் கட்சியின் பேட் டூமியும் சேர்ந்து கொண்டுவந்த திருத்தம் அது. அதற்கு நான்கு மாதம் முன்புதான் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆதரவு 54, எதிர்ப்பு 46. தேவைப்பட்டது 60. திருத்தம் தோற்றது.

அந்த 46 எதிர்ப்பு வாக்குகளில் ஐந்து ஜனநாயகக் கட்சிக்காரர்களுடையவை. பாக்கஸ், பெகிச், ஹைட்காம்ப், பிரையர், ஐந்தாவதாக ஹாரி ரீட். இந்த ரீட்தான் அன்று செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர உழைத்தவர்களில் முதல் ஆள். அவர் பெயர் ஏன் எதிர்ப்புப் பக்கத்தில் இருக்கிறது?

அரசியல்வாதிகளின் வாக்குகளை வைத்து அவர்களுடைய கொள்கைப் பிடிப்பை அளக்கலாம் என்று நம்பி நான் ஒரு அட்டவணை போட ஆரம்பித்த காலம் அது. ஒரு பக்கம் பெயர்கள், மேலே மசோதாக்கள், கட்டங்களில் பச்சையும் சிவப்பும். ரீடின் பெயருக்கு நேரே சிவப்பு அடித்தேன். அவர் துப்பாக்கிக் கட்டுப்பாட்டில் உறுதியில்லாதவர் என்று ஒரு நண்பரிடம் அடித்துச் சொல்லவும் செய்தேன். அப்புறம்தான் செனட்டின் விதியைப் படித்தேன். ஒரு வாக்கெடுப்பை மறுபடியும் எடுக்கக் கோர வேண்டுமானால், கோருகிறவர் ஜெயித்த பக்கத்தில் வாக்களித்திருக்க வேண்டும். திருத்தம் தோற்கப்போகிறது என்று தெரிந்ததும், பின்னொரு நாள் அதைத் திரும்பக் கொண்டுவரும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளவே ரீட் எதிர்ப்புப் பக்கம் போனார். அந்தத் திருத்தத்தை உயிரோடு வைத்திருக்கப் போட்ட வாக்கு அது. என் அட்டவணையில் அதற்கும் சிவப்பு, அதைக் கொல்லப் போட்ட வாக்குக்கும் சிவப்பு.

மற்ற நால்வரும் மான்டனா, அலாஸ்கா, வடக்கு டகோட்டா, ஆர்கன்சா மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். துப்பாக்கி உரிமையில் கைவைத்தால் வாக்காளர்கள் மன்னிக்காத இடங்கள். பெகிச்சும் பிரையரும் மறுவருடம் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. இருவரும் அதில் தோற்றார்கள். ஒரே கட்சி, ஒரே நாள், ஒரே நிறம். ஆனால் ஐந்து பேரையும் ஒரே காரணம் அங்கே கொண்டுபோய் நிறுத்தவில்லை.

இதனால் வாக்குப் பதிவு பயனற்றது என்று சொல்ல வரவில்லை. நேர் எதிராகச் சொல்கிறேன். மேடைப் பேச்சு, பேட்டி, தேர்தல் அறிக்கை எல்லாவற்றையும் விட வாக்குப் பதிவையே நான் நம்புகிறேன். ஒரு சட்டம் உருவாகும் இடத்தில், பெயர் சொல்லி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்கும்போது அவர் என்ன செய்தார் என்பது பின்னால் மாற்ற முடியாத சாட்சி. ஆனால் சாட்சியை விசாரிக்க வேண்டும். நாம் அதைக் கூட்டிக் கழித்து மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

மதிப்பெண் போடும் பழக்கம் பழையது. 1947இல் தொடங்கிய ஜனநாயகச் செயலுக்கான அமெரிக்கர்கள் என்ற தாராளவாத அமைப்பு, வருடத்துக்கு 20 வாக்கெடுப்புகளைத் தேர்ந்தெடுத்து உறுப்பினர்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் கொடுத்தது. அன்று அவைக்கு வராமல் இருந்தாலும் மதிப்பெண் குறையும். தேசிய துப்பாக்கிச் சங்கம் பள்ளிக்கூடம்போல ஏ, பி, சி என்று தரம் போடுகிறது. எந்த இருபது என்று முடிவு செய்வது யார்? அமைப்பே. போதாக்குறைக்கு, 'இந்த வாக்கெடுப்பை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப் போகிறோம்' என்று சில அமைப்புகள் முன்கூட்டியே கடிதம் அனுப்பிவிடும். அப்புறம் உறுப்பினர் போடும் வாக்கில் அவருடைய கொள்கை எவ்வளவு, அந்தக் கடிதத்தின் மீதான பயம் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது?

2004 அதிபர் தேர்தல் சமயத்தில், செனட்டிலேயே மிகத் தாராளவாதி ஜான் கெர்ரிதான் என்று ஒரு பத்திரிகையின் தரவரிசை சொன்னது. எதிர்த்தரப்பு அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது. அந்தத் தரவரிசை 2003ஆம் வருட வாக்குகளை வைத்துப் போட்டது. அந்த வருடம் கெர்ரி பிரச்சாரத்தில் இருந்ததால் ஏராளமான வாக்கெடுப்புகளுக்கு வரவேயில்லை. வந்த கொஞ்ச நாட்களும் கட்சிக்கு அவர் வாக்கு கட்டாயம் தேவைப்பட்ட நாட்கள். அந்த நாட்களை மட்டும் கூட்டினால் யாராக இருந்தாலும் கட்சியின் ஓரத்துக்குத்தான் போய் நிற்பார்.

இதைவிட நேர்த்தியான முறை ஒன்று உண்டு. கீத் பூல், ஹோவர்ட் ரோசந்தால் என்ற இரண்டு அரசியல் அறிஞர்கள் 1980களில் உருவாக்கிய நாமினேட் என்ற கணக்கு. 1789இல் கூடிய முதல் காங்கிரசிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு உறுப்பினரையும் ஒரு கோட்டில் வைக்கிறது. இடதுசாரி என்றால் மைனஸ் ஒன்று பக்கம், வலதுசாரி என்றால் பிளஸ் ஒன்று பக்கம். யாரோ உட்கார்ந்து இருபது வாக்குகளைப் பொறுக்குவதில்லை. கிட்டத்தட்ட எல்லா வாக்குகளும் உள்ளே போகும். மசோதாவில் என்ன இருக்கிறது என்பது கணக்குக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. யார் யாரோடு சேர்ந்து வாக்களிக்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்கும். இரண்டு கட்சிகளும் எப்படி மெல்ல மெல்ல விலகிப் போயின என்று காட்ட இதற்கு இணையான கருவி இல்லை. நான் மதிக்கும் உழைப்பு அது.

ஆனாலும் ஒருவரின் உள்ளத்தை அளக்க அதைக் கொண்டுபோனால் இடறுகிறது. 2021 நவம்பர் 5 அன்று உள்கட்டமைப்பு மசோதா பிரதிநிதிகள் சபையில் 228க்கு 206 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆறு ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தார்கள். அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கார்ட்டெஸ், இல்ஹான் ஒமர் உள்ளிட்ட அந்த ஆறு பேரும் கட்சியின் இடது ஓரத்தில் இருப்பவர்கள். சமூக நலத்திட்ட மசோதாவைத் தனியே பிரித்துவிட்டு இதை மட்டும் நிறைவேற்றக் கூடாது என்பது அவர்கள் வாதம். கணக்குக்கு வாதம் கேட்காது. அது பார்ப்பது, இவர்கள் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள் என்பதை. இப்படிப்பட்ட வாக்குகள் சேரச் சேர, இடது ஓரத்தில் இருப்பவர் கட்சியின் நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டு மிதவாதியாகத் தெரிகிறார். போதவில்லை என்று எதிர்ப்பவரும், அதிகமாகிவிட்டது என்று எதிர்ப்பவரும் பட்டியலில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

என்னை உண்மையில் உலுக்கியது வேறொன்று.

2001 செப்டம்பர் 14. இரட்டைக் கோபுரங்கள் விழுந்து மூன்று நாள். தாக்குதலுக்குப் பொறுப்பானவர்கள் மீது ராணுவ பலத்தைப் பயன்படுத்த அதிபருக்கு அதிகாரம் கொடுக்கும் தீர்மானம். செனட்டில் 98க்கு 0. பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1. அந்த ஒன்று கலிஃபோர்னியாவின் பார்பரா லீ. முடிவில்லாத போருக்குக் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை இது என்பதுதான் அவர் அச்சம். கொலை மிரட்டல்கள் வந்தன. போலீஸ் பாதுகாப்பு தேவைப்பட்டது. அந்தத் தீர்மானத்தைக் காட்டி அடுத்த இருபது வருடங்களில் எத்தனை நாடுகளில் ராணுவ நடவடிக்கைகள் நடந்தன என்று பார்த்தால், அன்று அவர் எதற்குப் பயந்தார் என்பது புரியும்.

ஒரு மனிதரின் கொள்கை உறுதிக்கு இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? ஆனால் நாமினேட் கணக்கில் இந்த வாக்கெடுப்பு இல்லவே இல்லை. சிறுபான்மைப் பக்கம் இரண்டரை சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் அந்த வாக்கெடுப்பைக் கணக்கு ஒதுக்கிவிடும். எல்லோரும் ஒரு பக்கம் நின்றால், யார் யாரிடமிருந்து எவ்வளவு தூரம் என்று அளக்க அதில் எதுவும் கிடைக்காது என்பது புள்ளியியல் நியாயம். அதில் தவறு சொல்ல முடியாது. அதே நியாயத்தில், பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்கு மறுநாள், 1941 டிசம்பர் 8 அன்று, 388க்கு 1 என்ற வாக்கெடுப்பில் தனியாக நின்ற ஜெனட் ராங்கினின் வாக்கும் விழுந்துவிடுகிறது. 1964இல் வியட்நாம் போருக்கு வழி திறந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் செனட்டில் 88க்கு 2. வெயின் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங். இரண்டு பேர் என்பது இரண்டே கால் சதவீதம்கூட ஆகாது. அவர்களும் விழுந்துவிடுகிறார்கள்.

அந்த இரவு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூடவில்லை. தனியாக நின்றவர்களின் வாக்கு மட்டும் குறிப்பாக வெளியே போகிறது. அதன்பிறகு சராசரியைக் கைவிட்டேன். ஒருவரைப் பற்றி யாராவது கேட்டால், அவர் கொள்கை அவருக்கு விலை வைத்த நாள் எது என்றுதான் முதலில் தேடுகிறேன். ஆயிரம் வாக்குகளில் அப்படிப்பட்ட நாட்கள் நாலைந்து இருந்தால் அதிகம். தன் வாக்கால் முடிவு மாறும் என்று தெரிந்தபோது என்ன செய்தார், தன் கட்சி ஆட்சிக்கு வந்த பிறகும் அதே பக்கம் நின்றாரா என்று அடுத்தடுத்துப் பார்க்கிறேன்.

கடைசிக் கேள்வியில் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். 2006 மார்ச்சில், புஷ் ஆட்சியில், அரசின் கடன் உச்சவரம்பை உயர்த்தும் வாக்கெடுப்பில் செனட்டர் ஒபாமா எதிர்த்து வாக்களித்தார். அதிபரானதும் அதே உச்சவரம்பை உயர்த்தச் சொல்லிக் கேட்க வேண்டிய நிலை வந்தது. அன்றைய வாக்கு அரசியலுக்காகப் போட்டது, தவறு என்று 2011இல் அவரே ஒப்புக்கொண்டார். அவர் மட்டுமல்ல, எதிர்க்கட்சியாக இருக்கும்போது அந்த வாக்கை எதிர்ப்பது இரண்டு கட்சிகளுக்கும் சடங்குபோல ஆகிவிட்டது. இந்த மாதிரி வாக்குகளை நான் யார் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

விலை வைத்த நாளை மக்கள் எப்படி அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்பதற்கு பிரிட்டனில் ஒரு நாள் இருக்கிறது. 2015 ஜூலை 20. கன்சர்வேட்டிவ் அரசின் நலத்திட்ட வெட்டு மசோதா இரண்டாம் வாசிப்புக்கு வந்தது. தேர்தலில் தோற்றிருந்த லேபர் கட்சியின் தலைமை, இறுதி வாக்கெடுப்பில் கலந்துகொள்ள வேண்டாம் என்று கொறடா உத்தரவு போட்டது. 48 லேபர் உறுப்பினர்கள் உத்தரவை மீறி எதிர்த்து வாக்களித்தார்கள். அப்போது கட்சித் தலைவர் பதவிக்கு நான்கு பேர் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்டி பர்னம், இவெட் கூப்பர், லிஸ் கெண்டல் மூவரும் உத்தரவுப்படி ஒதுங்கினார்கள். ஜெரமி கோர்பின் மட்டும் எதிர்த்தார். செப்டம்பரில் அவர்தான் தலைவரானார். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த ஒரு இரவு கட்சிக்காரர்களிடம் பேசிய அளவுக்கு ஆயிரம் மேடைகள் பேசியிருக்காது. பின்னாளில் அவர் தலைமை எப்படிப் போனது என்பதில் எனக்குப் பல விமர்சனங்கள் உண்டு. கொள்கைப் பிடிப்பும் தலைமைத் திறமையும் வேறு வேறு, வாக்குப் பட்டியல் முதலாவதை மட்டும்தான் காட்டும்.

பிரிட்டனில் கொறடாவை மீறினால் கட்சிக்குள் பதவி போகலாம், அதிகபட்சம் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கலாம். உறுப்பினர் பதவி போகாது. இந்தியாவில் போகும். 1985இல் வந்த 52ஆவது திருத்தம் அரசியலமைப்பில் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சியின் உத்தரவுக்கு எதிராக வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் இருந்தாலோ, பதினைந்து நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி பறிபோகலாம். பணத்துக்கும் பதவிக்கும் கட்சி தாவுவதைத் தடுக்க வந்த சட்டம் அது, அந்த நோக்கத்தில் குறை காண மாட்டேன். ஆனால் அதன் விளைவாக, இந்திய நாடாளுமன்றத்தில் பதிவாகும் வாக்கு அந்த உறுப்பினருடைய வாக்கு அல்ல. கட்சித் தலைமையின் வாக்கு. அதை வைத்து ஒரு உறுப்பினரின் கொள்கைப் பிடிப்பை அளப்பது, எழுதிக் கொடுத்ததைப் படித்தவரின் கையெழுத்தைச் சோதிப்பது மாதிரி.

அதனால் இங்கே உறுப்பினரை விட்டுவிட்டு கட்சியைத்தான் அளக்க வேண்டும். அதற்கும் பாடம்போல ஒரு நாள் உண்டு. 2012 டிசம்பர் 5, மக்களவை. சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை எதிர்க்கும் தீர்மானம். சமாஜ்வாதி கட்சியும் பகுஜன் சமாஜ் கட்சியும் அந்த முதலீட்டைக் கண்டித்துப் பேசின. சிறு வியாபாரி அழிந்துபோவான் என்று சொன்னார்கள். வாக்கெடுப்பு நேரம் வந்தது. இரண்டு கட்சிகளும் வெளிநடப்பு செய்தன. தீர்மானத்துக்கு ஆதரவு 218, எதிர்ப்பு 253. தோற்றது. வெளியே போன இரண்டு கட்சிகளின் பலம் 22, 21. மொத்தம் 43. 218உடன் 43ஐக் கூட்டுங்கள், 261. அவர்கள் தங்கள் பேச்சின்படி உள்ளே உட்கார்ந்து பொத்தானை அழுத்தியிருந்தால் அரசு தோற்றிருக்கும். இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் பகுஜன் சமாஜ் கட்சி அரசோடு சேர்ந்தே வாக்களித்தது. வெளிநடப்பை நாம் எதிர்ப்பின் உச்சம் என்று நினைத்துக் கைதட்டுகிறோம். எண்ணிக்கை நெருக்கமாக இருக்கும் நாளில் வெளிநடப்பு என்பது ஆதரவுதான். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதவில்லை.

பட்டியலில் பெயரே இல்லாமல் ஒருவர் விலை கொடுத்த கதையும் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்கான ஆதரவை விலக்கினார்கள். அவைத் தலைவராக இருந்த சோம்நாத் சாட்டர்ஜி பதவி விலகி அரசுக்கு எதிராக வாக்களிக்க வேண்டும் என்றது அவருடைய மார்க்சிஸ்ட் கட்சி. அவைத் தலைவர் கட்சிகளுக்கு அப்பாற்பட்டவர் என்று அவர் மறுத்துவிட்டார். ஜூலை 22 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு 275க்கு 256 என்று அரசுக்குச் சாதகமாக முடிந்தது. மறுநாள் கட்சி அவரை நீக்கியது. நாற்பது வருட உறவு. அவர் கட்சிக்குத் துரோகம் செய்தாரா, அல்லது தன் கொள்கைக்கு உண்மையாக இருந்தாரா? நான் இரண்டாவது பக்கம். முதலாவது என்று உறுதியாகச் சொல்பவர்களையும் எனக்குத் தெரியும், அவர்கள் காரணமில்லாமல் சொல்லவில்லை. ஆனால் இந்த விவாதத்துக்கு அன்றைய வாக்குப் பட்டியல் ஒரு வரிகூட உதவாது. சம வாக்கு வந்தால்தான் அவைத் தலைவர் வாக்களிக்க முடியும்.

சரி, இவ்வளவு பேசுவதற்காவது ஏதோ ஒரு எண் இருக்கிறது. எண்ணே இல்லாத நாட்களை என்ன செய்வது?

நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் போகின்றன. ஆதரிப்பவர்கள் ஆம் என்பார்கள், எதிர்ப்பவர்கள் இல்லை என்பார்கள், அவைத் தலைவர் காதால் கேட்டு முடிவு சொல்வார். யார் என்ன சொன்னார் என்று எங்கும் பதிவாகாது. உறுப்பினர் ஒருவர் எண்ணிக்கை கேட்டால், டிவிஷன் என்று சொல்வார்களே, அதை நடத்த வேண்டும் என்பது விதி. அப்போதுதான் பெயர் பெயராகப் பதிவாகும்.

2020 செப்டம்பரில் வேளாண் மசோதாக்கள் வந்தன. 17ஆம் தேதி ஹர்சிம்ரத் கவுர் பாதல் அவற்றை எதிர்த்து மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அது ஒரு பதிவு. விலை கொடுத்துப் பதிவானது. 20ஆம் தேதி மாநிலங்களவையில் இரண்டு மசோதாக்கள் எடுக்கப்பட்டன. எதிர்க்கட்சிகள் டிவிஷன் கேட்டன. அவை அமளியானது. குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அதன்பிறகு டெல்லியின் எல்லைகளில் ஒரு வருடத்துக்கு மேல் விவசாயிகள் உட்கார்ந்திருந்தார்கள், குளிரிலும் வெயிலிலும். 2021 நவம்பர் 29 அன்று அதே சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா வந்தது. விவாதம் இல்லை. அதுவும் குரல் வாக்கெடுப்பு.

என் அட்டவணையை இப்போதும் வைத்திருக்கிறேன். நிறங்களை எடுத்துவிட்டேன், கட்டங்களில் குறிப்பு மட்டும் எழுதுகிறேன். ரீடின் கட்டத்தில் விதியை எழுதியிருக்கிறேன். பார்பரா லீயின் கட்டத்தில் 420க்கு 1. 2020 செப்டம்பர் 20க்கு ஒரு பத்தி ஒதுக்கி, மாநிலங்களவை உறுப்பினர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினேன். நேரே எழுத எதுவும் இல்லை. பெயர்களை அப்படியே விட்டிருக்கிறேன்.